சூனியக்காரியின் ஒற்றைப் புருவம்

கம்ப்யூட்டரில் செய்கிற கார்ட்டூன் படங்களைப் பற்றி ஓவியரிடம் ஒரு பிரசங்கம் எப்போதும் கைவசம் இருந்தது. யாரும் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. கொட்டாவி விடத் திறந்தாலும் போதும், ஆரம்பித்துவிடுவார். கம்ப்யூட்டர் கரடிக்கு முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும், முகம் மட்டும் மரக்கட்டை. மழை பெய்தால் நாமே நனைந்துவிடுவோமோ என்றிருக்கும், அழுதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கையால் வரைந்த படம் அப்படியா? அதில் ஒவ்வொரு கோடும் எங்கேயோ உயிரோடு இருக்கிற ஒரு மனிதரிடமிருந்து எடுத்தது. அது பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றோருக்குத்தான் தெரியாது. பெற்றோரைப் பற்றி அவர் சொன்னது சரிதான். குடும்பத்தோடு பார்க்கும் படத்தை மனிதர் வரைந்தாலும் மெஷின் வரைந்தாலும் அப்பாக்கள் ஒரே மாதிரிதான் குறட்டை விடுகிறார்கள்.

இத்தனையையும் அவர் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் சொல்வார். அந்த ஸ்டூடியோவில் பேப்பரும் பென்சிலும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. கூட வரைந்தவர்களில் சிலர் கடை போர்டு எழுதப் போனார்கள், சிலர் வாத்தியார் வேலைக்குப் போனார்கள், சிலர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் மாட்டிக்கொண்டார்கள். இவர் மட்டும் மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு உள்ளேயே தங்கிவிட்டார். கொள்கை பேசுவதற்கு, சம்பளம் வாங்குவதற்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு.

ஸ்டூடியோவில் அவருக்குப் பட்டப்பெயர் ‘சூனியம்’. நேரில் என்றால் ‘சூனியம் சார்’. அதில் அவருக்கு வருத்தமில்லை, பெருமைதான். தன் கையால் வரைந்து உயிர் கொடுத்த சூனியக்காரியால் வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சூனியக்காரியைத் தெரியாத வீடு ஒரு காலத்தில் கிடையாது. பிள்ளைகளின் தூக்கத்தைத் திருடி ஜாடியில் அடைத்து வைக்கிறவள். அவள் போட்ட மந்திரமெல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை; நினைவில் நின்றது ஒரு பார்வை. தன் தூக்கத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு சிறுமி அவள் முன்னால் வந்து நிற்பாள். சூனியக்காரி பார்ப்பாள். முதலில் உதட்டின் ஓரம், எதையோ ருசி பார்த்துப் பிடிக்காமல் போனதுபோல உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஒரு நிறுத்தம். முகத்தில் எதுவும் அசையாது. பிறகு ஒற்றைப் புருவம் மட்டும் மெதுவாக ஏறும். அவ்வளவுதான். முன்வரிசைப் பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் போய்விடுவார்கள். அடித்ததுபோல இருக்காது, மிரட்டியதுபோல இருக்காது. ஒன்றுக்கும் ஆகாத ஜென்மம் என்று யாரோ தன் நெற்றியில் எழுதிவிட்டுப் போனதுபோல இருக்கும். கம்பெனி அதைப் பொம்மையாகவும் போட்டு விற்றது. முதுகில் பொத்தானை அழுத்தினால் புருவம் ஏறும்.

அந்தப் பார்வை வந்த கதையை ஓவியர் கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லியிருக்கிறார், பத்திரிகைக்கும் சொல்லியிருக்கிறார். கார்ட்டூன் வரைகிறவர்கள் மேஜையில் அப்போதெல்லாம் ஆளுக்கொரு கண்ணாடி இருக்கும். பாத்திரம் சிரிக்க வேண்டுமென்றால் வரைகிறவர் கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பார், அழ வேண்டுமென்றால் அழுது பார்ப்பார். பார்த்ததைப் பேப்பரில் போடுவார். புதிதாக அந்த அறைக்குள் நுழைந்தவர்கள், வளர்ந்த மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே பல்லிளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வந்த வழியே திரும்பிப் போனதும் உண்டு. இவருக்கு எல்லா முகமும் வந்தது, சூனியக்காரியின் முகம் மட்டும் மசியவில்லை. பிள்ளைகள் பயப்பட வேண்டும், ஆனால் சீட்டு நனையக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். பல்லைக் கடித்தார், கண்ணை உருட்டினார், மூக்கை விடைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு நாள், காய்ச்சலில் கிடந்த மகளுக்கு மருந்து வாங்க மறந்து வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி சமையலறை வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாள் காலை ஸ்டூடியோவுக்கு ஓடி, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அந்தப் பார்வை வரும்வரை தன் முகத்தை மாவு மாதிரி பிசைந்தார். வந்தது. வரைந்தார். மறுநாளும் மருந்தை மறந்துவிட்டார் என்பதை மட்டும் பத்திரிகைக்குச் சொல்லவில்லை.

படம் வெளியாவதற்கு முன் ஊழியர் குடும்பங்களுக்குத் தனியாகப் போட்டுக் காட்டினார்கள். அதற்குள், சூனியக்காரி வேறு யாருமில்லை, என் வீட்டம்மாதான் என்று டீ கொண்டுவருகிறவர்வரை சொல்லி வைத்திருந்தார். திரையில் புருவம் ஏறியதும் அரங்கமே படத்தை விட்டுவிட்டு அவர் மனைவியின் பக்கம் திரும்பியது. சிரிப்பு. யாரோ கைகூடத் தட்டினார்கள். வீட்டில் அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருந்த மகள் மடியில் உட்கார்ந்தபடி, “அம்மா, உன்ன மாதிரியே” என்றாள். இன்னும் சிரிப்பு. மனைவியும் சிரித்தாள். நாலு பேர் நடுவில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

“அது நானில்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க,” என்றார் ஓவியர்.

அவள் சண்டை போடவில்லை, தாய்வீட்டுக்குப் போகவில்லை, பாத்திரத்தைத் தூக்கி எறியவில்லை. ஒன்றே ஒன்று செய்தாள்: அதன் பிறகு கேமராவுக்கு முகம் காட்டவில்லை. கேமரா கூடத்துக்கு வந்தால் அவள் சமையலறைக்குப் போனாள். கேமரா சமையலறைக்கு வந்தால் அவள் முகத்துக்கு முன்னால் ஒரு தட்டு வந்தது. மகளின் பிறந்தநாள் வீடியோக்களில் கேக் நீட்டுகிற ஒரு கை உண்டு. மகளின் கல்யாண வீடியோவில் யாருடைய தலைக்கோ பின்னால் ஒரு தோள் உண்டு. கலைஞன் வீட்டில் இந்த மாதிரிச் சில்லறைப் பிணக்கெல்லாம் இருக்கும்தான் என்று ஓவியர் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்.

காலம் இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் மனைவிக்குக் காதுக்குப் பின்னால் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டியில் கெடுதல் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதோடு ஒட்டிக்கொண்டிருந்த முக நரம்பைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரல் இறங்கியது. கட்டுப் பிரித்தபோது முகத்தின் ஒரு பாதி இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்து நெற்றி குழந்தையுடையதுபோல ஒரு சுருக்கமில்லாமல் வழவழவென்று இருந்தது. புருவம் கண்மேல் சரிந்து கிடந்தது. கண் மூடாது, படுக்கும்போது டேப் ஒட்டி மூட வேண்டும். தண்ணீர் குடித்தால் பாதி கழுத்தில் இறங்கியது. உதடு சேராததால் பேச்சில் பாதி எழுத்துகள் காற்றாகப் போயின.

“இனிமே பிள்ளைங்களுக்குப் பொம்மை வாங்க வேணாம், என்னையே கொண்டுபோய் வெச்சுடு,” என்றாள் மகளிடம். மகள் சிரிக்கப் பார்த்து, முடியாமல் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முகத்துக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபி அம்மா இருந்தார். கறாரானவர். ஆறுதல் சொல்வதெல்லாம் தன் வேலையில் சேராது என்பதுபோல இருப்பார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அறுபட்ட நரம்பு மெதுவாகத் துளிர்க்கும், ஆனால் எந்தத் தசையை எப்படி இழுக்க வேண்டும் என்று அதற்கு ஞாபகம் இருக்காது. இப்போது நாம் எதைப் பழக்குகிறோமோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும். தப்பாகப் பழக்கினால் தப்பே நிலைத்துவிடும். அப்புறம் யார் வந்தாலும் மாற்ற முடியாது.

“பழைய வீடியோ ஏதாச்சும் இருந்தா கொண்டு வாங்க,” என்றார். “இவங்க முகம் முன்னாடி எப்படி அசைஞ்சதுன்னு எனக்குத் தெரியணும். இவங்களுக்கும் ஞாபகம் வரணும்.”

வீட்டில் அலமாரி, பெட்டி, மகளின் போன், மருமகனின் போன் எல்லாம் குடைந்து பார்த்தார்கள். ஒரு கை இருந்தது. ஒரு தோள் இருந்தது. பல தட்டுகள் இருந்தன. கல்யாணப் போட்டோ இருந்தது. அதில் எல்லாக் கல்யாணப் போட்டோவிலும் இருப்பதுபோல, ஜாமீன் கிடைக்காத இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அசைகிற முகம் எங்கேயும் இல்லை.

ஓவியருக்கு அந்த நேரத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“வீடியோ இல்லாட்டி என்ன? நான்தான் வரைஞ்சு வெச்சிருக்கேனே.”

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அது நானில்லை என்று அன்றைக்கே சொன்னேனே என்று, பாதி காற்றும் பாதி சொல்லுமாகச் சொன்னாள். ஓவியருக்குச் சுரீரென்றது. இந்த நிலைமையிலுமா அந்தப் பழைய வீம்பு? மகள்தான் நடுவில் புகுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பழைய கோவத்தையெல்லாம் இப்ப வெச்சுக்காதம்மா. அப்பா படத்துலதான் நீ பத்திரமா இருக்க.”

அவள் மகளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் இவ்வளவு ஆசையாக ஒரே விஷயத்தைச் சொல்வது அபூர்வம். மூடாத கண்ணிலிருந்து நீர் வடிந்தது. அது அழுகை இல்லை, அந்தக் கண் எப்போதும் அப்படித்தான்.

“சரி, போடுங்க,” என்றாள்.

கார்ட்டூனைக் கொண்டுபோய்க் காட்டியதும் பிசியோதெரபி அம்மா கொஞ்சம் மிரண்டார். ஓவியர் விடவில்லை. கம்ப்யூட்டர் படமாக இருந்தால் நானே கொண்டுவந்திருக்க மாட்டேன் என்று தொடங்கி, கரடி, முடி, மழை, கண்ணீர் என்று முழுப் பிரசங்கத்தையும் இறக்கினார். வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா குறுக்கே கையைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டார்.

“அசைவு இவங்களோடதுதானே?”

“இவளோடதேதான்.”

“அப்ப சரி.”

காலைப் பலகாரம் முடிந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து லேப்டாப்பை வைப்பார்கள். பக்கத்தில் கண்ணாடி. ஸ்டூடியோவில் அவர் மேஜையில் இருந்த அதே கண்ணாடி. மற்றதையெல்லாம் எடைக்குப் போட்டபோது இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஓவியர் படத்தை ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டுவார். முதலில் உதட்டோரம். உள்ளே இழு. இன்னும் கொஞ்சம். இப்போது நிறுத்து, எதையும் அசைக்காதே. இப்போது புருவம். அவள் நல்ல பக்கத்தால் செய்து, பிறகு விழுந்த பக்கத்தை விரலால் தூக்கிவிட்டு, அது தானாக நிற்குமா என்று பார்ப்பாள். நிற்காது. மறுபடியும் முதலிலிருந்து. காய்ச்சல் மருந்துக்கு நேரம் ஒதுக்கத் தெரியாத மனிதர் இப்போது மணிக்கணக்காக எதிரில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸுக்குத் தாமதமாகப் போனார், திட்டு வாங்கினார், மறுநாளும் தாமதமாகப் போனார். அவர்களுடைய குடும்ப வாழ்க்கையில் இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே கிடையாது. சொல்லப்போனால் அந்த மாதங்களில் ஓவியர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அவள் எதுவும் பேசுவதில்லை. சொன்னதைச் செய்தாள். வீட்டில் யாருமில்லாத நேரத்திலும் தானே படத்தைப் போட்டுக்கொண்டு செய்தாள். மழைக்காலம் முடிகிற நேரத்தில் உதட்டோரம் முதன்முதலாக, ஒரு இழை அளவுக்கு, உள்ளே போனது. அப்புறம் ஒரு நாள் புருவத்தில் ஒரு துடிப்பு. பல்லி வால் துடிக்குமே, அதுபோல. மகள் போனிலேயே அழுதாள். ஓவியர் ஸ்டூடியோ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: என் கோடுதான் அவளுக்கு முகத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, உங்கள் கம்ப்யூட்டர் கொடுக்குமா?

கம்ப்யூட்டர் அந்தச் சமயத்தில் வேறொரு வேலையாக இருந்தது. கம்பெனி அதே பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்துகொண்டிருந்தது. சின்ன வயதில் பயந்தவர்களெல்லாம் இப்போது பெற்றோர்கள். தாங்கள் பட்டதைத் தங்கள் பிள்ளைகளும் படட்டும் என்று டிக்கெட் வாங்குவார்கள் என்பது முதலாளியின் கணக்கு. ‘அதே சூனியக்காரி’ என்று போஸ்டர்கூட அடித்தாகிவிட்டது. போஸ்டர் அடித்த பிறகுதான் அதே சூனியக்காரி வரவில்லை என்று தெரிந்தது.

வேலை இப்படி நடக்கும்: ஒரு நடிகை கேமரா முன்னால் உட்கார்ந்து முகத்தை அசைப்பார், கேமரா அதைப் பிடித்துத் திரையில் இருக்கிற பொம்மை முகத்துக்கு அனுப்பும், நடிகை அசைத்தால் பொம்மையும் அசையும். பொம்மையின் முகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நூல்களைக் கட்டி, எந்த நூலை இழுத்தால் எந்தத் தசை நகர வேண்டும் என்று முடிவு செய்கிறவள் ஒரு பெண். கலகலப்பானவள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஸ்டூடியோவில் அவளை நூல்காரி என்பார்கள். பழைய படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்து, கையால் வரைந்த சூனியக்காரியின் முகம் எப்படியெல்லாம் போகுமோ அப்படியே நூல் கட்டியிருந்தாள். ஆனால் நடிகை செய்ததும் பொம்மை வேறு யாரோ மாதிரி இருந்தது. நல்ல நடிகைதான். புருவம் ஏறியது, உதடு போனது. பார்த்தால் பல்வலி வந்தவள்போல இருந்தாளே தவிர, யாரும் சீட்டுக்கு அடியில் போகிற மாதிரி இல்லை.

முதலாளி ஓவியரைக் கூப்பிட்டார். ஓவியர் வந்து, நடிகையைப் பார்த்து ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தார். இது தசையை அசைக்கிற வேலையில்லை, உயிரோடு இருக்கிற ஒருத்தியைப் பார்த்து வாங்க வேண்டியது என்றார். எழுந்திரும்மா என்று அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. உட்கார்ந்த பிறகும் நடிகையை விட்டபாடில்லை. இன்னும் கொஞ்ச நேரம் திட்டினார்.

“இப்ப ஆரம்பிக்கலாம்,” என்றார் கடைசியாக. “என் வீட்டம்மா எப்படிச் செய்வாளோ அப்படியே செஞ்சு காட்டறேன், பாத்துக்கோங்க.”

உதட்டோரம் உள்ளே போனது. ஒரு நிறுத்தம். புருவம் ஏறியது. திரையில் சூனியக்காரி உயிர் பெற்று அத்தனை பேரையும் பார்த்தாள். அறை கைதட்டியது. முதலாளி எழுந்து வந்து தோளில் தட்டினார். நடிகையை அனுப்புவதற்கு ஆள் வண்டி பார்க்கப் போனான்.

நூல்காரி மட்டும் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆச்சரியமா இருக்கு சார். யார் உக்காந்தாலும் நூலை இழுத்து, தளர்த்தி, நாள்கணக்குல திருத்தணும். ஒவ்வொருத்தர் முகமும் ஒவ்வொரு மாதிரி அசையும். உங்களுக்கு ஒண்ணுமே தொடல. உங்களுக்கே தெச்ச சட்டை மாதிரி உக்காந்துக்கிச்சு.”

தன் மனைவியின் முகம் தனக்கு அத்துப்படி, அதுதான் காரணம் என்றார் ஓவியர்.

“அம்மா முகமா? இது உங்க முகம்தானே சார். எங்க வேலை பிடிக்கலன்னா இப்படித்தானே பாப்பீங்க. நான் சேந்த புதுசுல என் கரடியப் பாத்துட்டு இப்படித்தான் பாத்தீங்க. போய் பாத்ரூம்ல அழுதுட்டு வந்தேன்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அழாதவர்கள் அதில் அதிகம் பேர் இல்லை. “அதனாலதானே சூனியம் சார்னு பேரே வெச்சோம். வரைஞ்சதுக்காக வெச்சோம்னா நெனச்சுட்டு இருந்தீங்க?”

ஓவியர் குரலை உயர்த்தினார். அது என் பெண்டாட்டியின் பார்வை, பத்திரிகையிலேயே வந்திருக்கிறது என்றார். நூல்காரி வாதாடுகிறவள் அல்ல. பதிவானதைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நடிகையைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. சத்தமில்லாமல் திரையில் சூனியக்காரியின் வாய் அசைந்தது. உதட்டோரம் உள்ளே போனது. நிறுத்தம். புருவம். மறுபடியும் வாய் அசைந்தது. மறுபடியும் உதட்டோரம், நிறுத்தம், புருவம். மறுபடியும்.

“இது நீங்க ஆரம்பிக்கலாம்னு சொல்றதுக்கு முன்னாடி சார்,” என்றாள் நூல்காரி.

கம்ப்யூட்டருக்குக் கலை தெரியாது, உயிர் தெரியாது என்று அவர் சொல்லாத நாளில்லை. மரியாதையும் தெரியாது என்பது இப்போதுதான் தெரிந்தது.

அவர் சமையலறை வாசலை நினைத்துப் பார்த்தார். வாசல் வந்தது. கதவில் தொங்கிய துணி வந்தது. வாசலில் நின்றவளின் கையிலிருந்த கிண்ணம்கூட வந்தது. முகத்துக்குப் போனால் அங்கே சூனியக்காரி நின்றாள். கல்யாணமான புதிதில் போய்ப் பார்த்தார், சூனியக்காரி. மகள் பிறந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் பார்த்தார், குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சூனியக்காரி. தேடத் தேட எல்லா இடத்திலும் தன் மூஞ்சியே உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது. பிசியோதெரபி அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இப்போது எதைப் பழக்குகிறோமோ அதுதான் நிலைக்கும். யார் வந்தாலும் மாற்ற முடியாது.

முதலாளி கூப்பிடக் கூப்பிடப் படியிறங்கி ஓடினார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியான வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. அவள் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தாள். லேப்டாப்பில் சூனியக்காரி, கண்ணாடியில் அவள். அவர் போய் லேப்டாப்பைப் படாரென்று மூடினார்.

“நிறுத்து. இது வேணாம். அது நீயில்ல.”

அவள் அவசரப்படவில்லை. கர்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

“அதத்தானே சொன்னேன்.”

“எனக்குத் தெரியல. அது என் மூஞ்சி. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

“எனக்கு அன்னைக்கே தெரியும்.” பேச்சு முன்னைவிடத் தெளிந்திருந்தது, பயிற்சியின் பலன். “மருந்து எங்கன்னு கேட்டேன். நீங்கதான் என்னை அப்படிப் பாத்தீங்க.”

தான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த கதையில் அவள் வாயே திறக்கவில்லை என்பது ஓவியருக்கு ஞாபகம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெரிந்திருந்தும் ஏன் பழகினாய் என்று கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே என்றார். சொன்னால் நிறுத்துகிறவரா அவர் என்கிற கேள்வியை அவள் கேட்கவில்லை.

“வேற என்ன இருந்துச்சு? பழைய முகத்த ஞாபகப்படுத்திக்கோங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. என் முகம் எனக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்? இத்தன வருஷமா நான் பாத்துக்கிட்டு இருந்தது உங்க முகத்தத்தானே.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஏதோ ஒரு முகம் அசைஞ்சா போதும்னு ஆயிடுச்சு.”

அவர் எழுந்து போய் எங்கெங்கோ தேடி ஒரு பென்சிலும் மகளின் பழைய டிராயிங் பேப்பரும் கொண்டுவந்தார். நான் வரைகிறேன் என்றார். உன் முகத்தை, உன்னுடையதையே, நீ எப்படிப் பார்ப்பாயோ, எப்படிச் சிரிப்பாயோ அதை வரைகிறேன், அதைப் பார்த்துப் பழகு என்றார். கை பழைய வேகத்தில் ஓடியது. முகத்தின் வட்டம் வந்தது, காது வந்தது, கூந்தல் வந்தது. வாய்க்கு வந்ததும் உதட்டோரம் தானாக உள்ளே போயிற்று. கிழித்தார். வேறொன்று போட்டார். இந்த முறை வாயை விட்டுவிட்டுக் கண்ணிலிருந்து தொடங்கினார். புருவம் ஏறியது. கிழித்தார். எதிரே ஒரு கைநீளத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அவளைப் பார்த்து வரையலாம் என்றால், அங்கே பாதி முகம் விழுந்து கிடந்தது. மீதிப் பாதி, பல மாதமாக அவர் சொல்லிக்கொடுத்ததைப் பழகியிருந்தது.

மேஜைமேல் கிழிந்த தாள்கள் சேர்ந்தன. அவள் ஒன்றை எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

அவளுடைய உதட்டோரம் உள்ளே போனது. ஒரு நிறுத்தம். பிறகு, விழுந்த பக்கத்துப் புருவம், விரலால் யாரும் தூக்கிவிடாமல், மெதுவாக, முழுசாக மேலே ஏறியது. வழவழவென்று கிடந்த நெற்றியில் முதன்முதலாகச் சுருக்கம் விழுந்தது.

அவள் வேண்டுமென்று பார்த்தாளா, முகம் தானாகச் செய்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.  கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்த பார்வைதான், எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் அதைப் பார்த்ததில்லை. கையிலிருந்த பென்சிலை வைத்துவிட்டு, தூக்கத்தைத் திருப்பிக் கேட்க வந்த அந்தச் சிறுமி மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோதெரபி அம்மா அவளைப் புருவத்தைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். அந்த அம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்துவிட்டு, யாரையும் சட்டென்று பாராட்டாதவர், நல்லா பிடிச்சுக்கிச்சு, இனி போகாது என்றார்.